முதுகைக் காட்டி நின்ற பெரட்டு

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. படிப்பு எனக்குக் கொஞ்சம்தான். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகவே படிக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். நாங்கள் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துகொண்டு வந்து, ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், பலகை வீடு கட்டினோம். தோட்டத்துச் சனம் பாதி அங்கேதான் வந்து சேர்ந்தது. பக்கத்தில் மலாய்க்காரர் வீடுகளும் சீனர் வீடுகளும் இருந்தன. வாசலில் இறங்கி ஒரு புல்தரையைக் கடந்தால் தமிழ்ப்பள்ளி. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே நான் வகுப்புக்குள் நுழைவதைப் பார்த்துவிடுவாள்.

ஒரு நாள் அந்தப் புல்தரையில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை நட்டிருந்தார்கள். பட்டணம் பெரிதாகிறதாம், லோரி போக அகல ரோடு வரப்போகிறதாம். எங்கே? சரியாக வீடுகளுக்கும் பள்ளிக்கும் நடுவில். அம்மா அன்றைக்கே பேச்சை முடித்துவிட்டாள்.

"லோரி ஓடுற ரோட்டத் தாண்டி நீ பள்ளிக்கூடம் போவ வேணாம். தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுல இரு."

பெண்பிள்ளை இருந்த வீடுகளில் எல்லாம் அதே பேச்சுதான். ஆண்கள் சிலர் டவுன் ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். பிளான் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தாள், என் அத்தை. பால் வெட்டிக் காய்த்த கை, கம்பத்துக்கே கேட்கும் தொண்டை. "குச்சிதானே நட்டிருக்கான், ரோடா போட்டுட்டான்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால எவ்வளவு லாலாங் புல்லுக் காடு கெடக்கு, அங்க கொண்டு போகட்டும்லா" என்றாள்.

அம்மாவுக்கு எரிச்சல். "உங்களுக்கென்ன அண்ணி, பிள்ளையா குட்டியா?"

"அதான் எனக்கு நேரம் கெடக்கு. நீயும் வந்து நில்லு."

நிற்பது என்றால் பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் வேலை. அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். எங்கள் பெண்களுக்குக் கூட்டம் போடத் தெரியாது, ஆபீசில் பேசத் தெரியாது. ஆனால் அசையாமல் வரிசையில் நிற்க அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதையே செய்வோம் என்றாள் அத்தை.

முதல் நாள் காலையில் குச்சி நட்ட இடத்திலேயே வரிசை கட்டினார்கள். நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, விற்கிற மலாய்க்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார்; அவரை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். மளிகைக் கடைச் சீன அம்மாவும் வந்தார். கொஞ்ச நேரத்தில் கார் ஒன்று வந்து நின்றது. தொப்பி போட்ட அதிகாரி இறங்கினார்.

அவ்வளவுதான். வரிசை தானாகப் பிளந்தது. எங்கள் பெண்கள் தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சலாங்க தொரை" என்று ஒதுங்கி வழி விட்டார்கள். அந்த மனிதருக்கே ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நடுவில் நடந்து போய், அளந்து பார்த்துவிட்டுக் காரேறிப் போய்விட்டார்.

"நிக்க வந்தீங்களா, வழி விட வந்தீங்களா? இன்னுங் கொஞ்ச நேரம் இருந்திருந்தா அவனுக்குக் கொடையும் புடிச்சிருப்பீங்க!" என்று அத்தை கத்தினாள்.

"தொப்பியக் கண்டா காலு தானா நவுருதே, நான் என்னா பண்ண?" என்றாள் ஒரு கிழவி.

 அத்தையும்தான் நகர்ந்திருந்தாள். நான் பார்த்தேன்.

மறுநாள் அவள் வேறு மாதிரி சொன்னாள். "எல்லாரும் பள்ளிக்கூடத்தப் பாத்து நில்லுங்க. முதுகு கார் வர்ற பக்கம் இருக்கட்டும். எவன் வந்தாலும் நமக்குத் தெரியக் கூடாது."

கார் சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். பின்னாலிருந்து அவர் மலாயில் வழி கேட்டார். ஒரு தலையும் திரும்பவில்லை. மாக்சிக் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "திரும்பிடாதீங்க லா" என்று தம் பாஷையில் முணுமுணுத்தார். அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். 

வேறு வழியில்லாமல் அந்த அதிகாரி வரிசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அதே நேரம் பள்ளி மணி அடித்தது. வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்து, அம்மாக்களின் சேலைக்கு நடுவில் நுழைந்து, அவரையும் இடித்துக்கொண்டு பள்ளிக்குள் போனார்கள். அத்தை அவர் முகத்தைப் பார்க்காமல், பள்ளிக் கூரையைப் பார்த்துக்கொண்டே உடைந்த மலாயில் சொன்னாள்: "துவான், ரோடு வேணாம்னு நாங்க சொல்லல. பிள்ளைங்க படிக்கிற எடத்துக்குப் பின்னால கொண்டு போங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். என் சித்தப்பா வயதுதான் இருக்கும்.

ஒரே நாளில் ஒன்றும் நடந்துவிடவில்லை. மழையிலும் நின்றார்கள். மூன்றாம் வாரமோ என்னவோ அம்மாவும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்துக் கம்பத்துச் சனமும் சேர்ந்தது. கடைசியில் ஒரு நாள் ஆட்கள் வந்து குச்சிகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் லாலாங் காட்டில் நட்டார்கள். இன்றைக்கும் ரோடு அங்கே வளைந்துதான் போகிறது. பின்னால் வந்த கடை வரிசை, அடுக்குமாடி எல்லாமே அந்த வளைவை ஒட்டித்தான் எழும்பின. பாசிர் கூடாங்குக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற என் மூத்தவன், எந்த மடையன் இங்கே ரோட்டை வளைத்தான் என்று திட்டுவான். உங்க அத்தைப் பாட்டிதாண்டா என்பேன், பெருமையாக.

நானும் ஆறாம் வகுப்பு முடித்தேன். என் எழுத்து அவ்வளவுதான்.

ஆனால் அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் அத்தையிடம் கேட்டே விட்டேன், பயந்துகொண்டுதானே முதுகைக் காட்டி நின்றீர்கள் என்று. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி, பயந்தான்" என்றாள். முறம் நிற்கவில்லை. நானோ, இவ்வளவு பெரிய ஆள் இதைக்கூடக் கூச்சமில்லாமல் சொல்கிறாளே என்று நினைத்தேன். தைரியம் இருக்கிறவர்கள்தான் நிற்பார்கள் என்று நம்புகிற வயது அது.

பேத்தி, இங்கே வாம்மா. எழுதினது சரியா இருக்கான்னு முதல்லேர்ந்து வாசி. அத்தை வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.