பதினோராவது சிவப்புப் புள்ளி

அதிபர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

இரண்டாவது வரிசையில், வழமையான இடத்தில்தான் இருக்கிறீர்கள். இந்தச் சபையின் மூப்பரும் நீங்கள்தான். நான் படிப்பிக்கும் பாடசாலையின் அதிபரும் நீங்கள்தான். சாட்சி சொல்ல வருகிறவர்கள் முதலில் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் அந்தத் தோத்திரமும் பொய்யாகிவிடும். எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். வாயால் சொன்னால் கத்திவிடுவேன்.

சபையாருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பாடசாலையில் மாணவத் தலைவர்களுக்கு நான்தான் பொறுப்பாசிரியை. சமூக சேவைக் கழகமும் என் கையில்தான் இருக்கிறது. போன வருடம் ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் எழும்பிச் சொன்னார்: "தலைமைத்துவம் எண்டா மேடையில மைக் பிடிக்கிறது மட்டுமில்ல. பிள்ளையளை வெளியில கொண்டு போங்கோ. சனத்தோட வேலை செய்யட்டும்." கல்விப் பணிமனைக்கு அப்படியொரு வேலைத்திட்டத்தைப் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதுதான் காரணம். பரவாயில்லை. நல்ல காரியம்தானே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த வருடத்துத் தலைமை மாணவத் தலைவி சுகந்தி. உயர்தர வகுப்பு. அட்டன் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கிறார். இரண்டு பேரும் கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தார்கள்.

மரம் நடுவோமா என்று நான் கேட்டேன். "மரம் எல்லா ஸ்கூல்லயும் நடுறாங்க மிஸ். முகத்துவாரத்துல அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்க, தண்ணிக்குத்தான் அடிச்சிக்கிறாங்க," என்றாள்.

தோட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரு மரமும் இல்லாத, பலகை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற இடம். பொதுக்குழாயில்தான் எல்லோருக்கும் தண்ணீர். பாதிக் குழாய்கள் பழுது. பிள்ளைகள் நான்கு பேர் சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஒரு படம் கீறினார்கள். தண்ணீர் வரும் குழாய்க்கு நீலப் புள்ளி. பழுதான குழாய்க்குச் சிவப்புப் புள்ளி. சிவப்பு மட்டும் பதினொன்று. அந்தப் படத்தோடு மாநகர சபைக்கு மனுக் கொடுப்பதுதான் திட்டம்.

இந்த யுத்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே போவதென்றால் கையில் கடிதம் வேண்டும். பாடசாலைக் கடிதத்தாளில், சிங்களத்தில், அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வைத்து. நான் அதைத் தட்டச்சு செய்து, கார்பன் பிரதி ஒன்றை என்னிடம் வைத்துக்கொண்டு, மூலத்தை அதிபரின் மேசையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே வைத்தார். மூன்று தரம் போய்க் கேட்டேன். மூன்றாம் தரம் சொன்னார்: "நீங்கள் அனுப்புங்கோ மிஸ். கடிதம் பிறகு தாறன்."

நான் அனுப்பினேன். கடிதம் இல்லாமல் அனுப்பினேன். அது என் பிழை. இதை நான் யார் தலையிலும் போடவில்லை.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் முகத்துவாரத்தில் பொலிஸ் தேடுதல் நடந்தது. மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுகந்தி மட்டும் படத்தைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தமிழ்ப் பிள்ளை, வெளியூர் அடையாள அட்டை, பையில் ஒழுங்கைகளின் வரைபடம், அதில் சிவப்புப் புள்ளிகள். கடைசிப் புள்ளி இருந்த மதிலுக்குப் பின்னால் துறைமுகக் களஞ்சியம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவளைப் பொலிசுக்குக் கொண்டுபோய்க் கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அதிபரிடம் இருக்கிறது, அவருக்குத் தொலைபேசி அடித்துக் கேளுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நம்பிக்கை.

அடித்தார்கள். தொலைபேசி மணி அடித்தபோது நான் அதிபரின் அறையில் நின்றேன்.

அவர் சிங்களத்தில் பேசினார். எனக்கும் சிங்களம் விளங்கும். எங்கள் பாடசாலையில் அப்படி ஒரு வேலைத்திட்டமும் இல்லை என்றார். அந்தப் பிள்ளை கீறியிருந்தால் அது தன் விருப்பத்துக்குக் கீறியது என்றார். பேசும்போது என் கடிதம் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு அந்தக் கடிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"ஐயா, அந்தப் பிள்ளையை..."

"மிஸ், ஆயிரம் பிள்ளையள் படிக்கிற இடம் இது. ஒரு பிள்ளைக்காக எல்லாரையும் அடகு வைக்கேலாது. நீங்களும் வாயைத் திறக்காதேங்கோ. உங்கட ஐடென்டிட்டி கார்ட்டில எந்த ஊர் கிடக்கு எண்டு மறந்திட்டீங்களோ?"

மறக்கவில்லை. யாழ்ப்பாணம் என்றிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை சுகந்தியின் தாய் பாடசாலை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பையில் மகளின் உடுப்பு. பொலிசில் வாங்க மறுத்துவிட்டார்கள். "டீச்சர், எம்புள்ளைய ஒங்கள நம்பித்தானே அனுப்புனேன். ஒரு வார்த்த வந்து சொல்லுங்க டீச்சர். வெள்ளிக்கெழமக்குள்ள வேற எடத்துக்கு ஏத்திருவாங்களாம்."

வேறு இடம் என்றால் தடுப்பு முகாம் என்று இந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போனவர்களின் தாய்மார் நம்மோடுதான் இருக்கிறார்கள். மாதக் கணக்கு, வருடக் கணக்கு. சிலருக்குக் கணக்கே இல்லை.

நான் அந்தத் தாயிடம் "அதிபரோடு கதைக்கிறேன்" என்றேன். கதைக்கவில்லை. பொலிசுக்கும் போகவில்லை. பயம். சாப்பிடவில்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வயதுப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே மூச்சு விடுகிறேன் என்பதே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்கு வந்தேன். இங்கேதான். அன்றைக்கு ஜெபத்தை நடத்தியது யார்? அதிபர்தான். நாட்டின் சமாதானத்துக்காக ஜெபித்தார். தலைவர்களுக்காக ஜெபித்தார். நீளமாக, அழகாக ஜெபித்தார். சுகந்தியின் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் வாங்கிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. கோபப்பட்டேன். ஆண்டவரே, பெரிய அற்புதம் எனக்கு வேண்டாம், சிறைக்கதவு திறக்க வேண்டாம், பூமி அதிர வேண்டாம் என்றேன். ஒரே ஒரு ஆள் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய்ப் பார்க்கட்டும். புள்ளி இருக்கும் இடத்தில் குழாய் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அவ்வளவுதான். அதைக்கூடச் செய்ய இந்த ஊரில் உமக்கு ஒரு ஆள் இல்லையா என்று கேட்டேன்.

சமாதானம் நிரம்பியது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் நிரம்பவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அந்த ஒரு ஆளாக நான்கூடப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை கார்பன் பிரதியை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். என்னையும் பிடித்து வைப்பார்கள் என்றே நினைத்தேன். மாற்றுச் சேலை ஒன்றும் பையில் வைத்திருந்தேன்.

வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வெறும் வாளிகளோடு நின்றார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், எல்லோரும் கலந்து. முன்னால் நின்றவர் சோமா அக்கா. அப்பம் சுட்டு விற்கிற சிங்களப் பெண். என்னைக் கண்டதும் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "டீச்சர், மூணு நாள் எங்க இருந்தது? நாங்க நேத்தும் வந்தது. வெரட்டினது."

யாரும் அவர்களை அனுப்பவில்லை. தண்ணீர் வரிசையில் பேசி முடிவெடுத்து, அவர்களாகவே வந்திருந்தார்கள்.

பொறுப்பதிகாரி களைத்துப்போன மனிதர். சோமா அக்கா அவர் முன்னால் வாளியைத் தட்டிச் சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, அந்தப் பிள்ளை புள்ளி போட்டது என் வீட்டுக் குழாய்க்கு. அது குண்டு என்றால் சத்தமாவது வரவேண்டுமே. எங்கள் குழாயில் காற்றுக்கூட வருவதில்லை."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். நான் கார்பன் பிரதியை நீட்டினேன். கையொப்பம் இல்லையே என்றார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து படத்தை எடுத்தார்.

"சரி. நடந்து காட்டுங்கள்."

நான் கேட்ட வார்த்தையே அதுதான்.

நடந்தோம். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியிலும் நின்றார். குழாயைத் திருகிப் பார்த்தார். நீலப் பேனையால் சரி போட்டார். பத்துப் புள்ளி முடிந்தது. பதினோராவது, களஞ்சிய மதிலடியில். அங்கே குழாய் இல்லை. புதிதாகச் சீமெந்து பூசிய ஒரு தடம் மட்டும் இருந்தது.

அவர் பேனையை மூடினார். கான்ஸ்டபிளின் சிரிப்பும் போய்விட்டது. இங்கேதான் இருந்தது என்று சோமா அக்கா சத்தியம் பண்ணினார். ஆண்டவரே, பத்து வரைக்கும் கொண்டுவந்து பதினோராவதில் கைவிடுகிறீரா என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவடியிலிருந்து ஒரு மனிதர் இடுப்புச் சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சவரிமுத்து. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். காலை பத்து மணிக்கே குடிவெறி.

"மாத்தயா, எடுத்தது நான்தான். பைப்போட கழட்டிப் பழைய இரும்புக் கடையில குடுத்துட்டேன். பொஞ்சாதிக்குத் தெரியக்கூடாதுன்னு சீமெந்தப் பூசினேன்."

அந்தப் பொஞ்சாதி வாளியோடு எங்களுக்குள்ளேதான் நின்றார். "அட பாவி மனுசா! கவுன்சில்காரன் கழட்டிட்டுப் போனான்னு சொன்னியே! பத்து நாளா அந்தச் சொட்டுத் தண்ணியும் இல்லாம நான் எங்கெல்லாம் போய்த் தூக்கினேன்!" வாளி அவர் முதுகில் விழுந்தது. கான்ஸ்டபிள்தான் விலக்கிவிட்டான்.

பொறுப்பதிகாரி தடியால் சீமெந்தைத் தட்டினார். உதிர்ந்து விழுந்தது. உள்ளே அறுத்த குழாயின் நுனி. பதினோராவது சரியைப் போட்டு, படத்தின் அடியில் தன் கையொப்பத்தையும் வைத்தார்.

சவரிமுத்துவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரு அறையும் விழுந்தது. அவர் ஏறும்போது நான், ஏன் அண்ணன் சொன்னீங்கள் என்று கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "என்ன டீச்சர், ஒரு கொழாய்க்குப் போய் ஒரு பொம்பளப்புள்ளயக் குடுக்கிறதா?"

இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

சுகந்தியை அன்று பின்னேரம் நான்கு மணிக்கு விட்டார்கள். தாய் கட்டிப்பிடித்துக் குழறி அழுதார். அவள் அழவில்லை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மிஸ், பேட்ஜ் எங்கயோ விழுந்திருச்சு. பிரின்சிபல் சேர் ஏசுவாரா?"

ஏசவில்லை. அடுத்த நாள் காலைக்கூட்டத்தில் பாடசாலையின் கௌரவத்தைப் பற்றிப் பேசிவிட்டு, வேறொரு பிள்ளைக்குத் தலைமைப் பதவியைக் கொடுத்தார். மண்டபத்தில் தலைமை மாணவத் தலைவிகளின் பெயர்ப்பலகை இருக்கிறது. போன வருடத்துக்கு நேரே சுகந்தியின் பெயர் இல்லை.

அவள் பரீட்சை எழுதவில்லை. ஊருக்குப் போய்விட்டாள். வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாளாம். ஒரே ஒரு கடிதம் போட்டாள். அதில் தன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "கொழாய் போட்டுட்டாங்களா மிஸ்?" என்று கேட்டிருந்தாள். பொலிஸ் கையொப்பம் இருந்த அந்தப் படத்தையே நான் மாநகர சபைக்குக் கொண்டுபோனேன். ஆறு குழாய் திருத்தினார்கள். பதினோராவதும் அதில் ஒன்று. அவளுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

ஆகவே என் தோத்திரம் அழுதுகொண்டு சொல்கிற தோத்திரம். ஆனாலும் சொல்கிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நான் கேட்டதை அவர் செய்தார். எண்ணி, பதினொன்றையும் செய்தார். இப்போது நான் பிள்ளைகளைத் தனியே அனுப்புவதில்லை. கூடவே போகிறேன். அடையாள அட்டையில் உள்ள ஊரைப் பற்றி யோசிப்பதில்லை.

பிள்ளைகள் உள்ளே இருக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது. ஆனால் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள். அலங்காரம் வேண்டாம். கேட்டுவிட்டு எழும்பி நடந்து போங்கள். நாம் போவதற்கு முன்பே அவர் வாளியோடு ஆட்களை அனுப்பியிருப்பார் என்று நம்புங்கள். நான் நம்புகிறேன்.

கடைசி வாங்கிலில் சவரிமுத்து இருக்கிறார். நான்தான் கூப்பிட்டேன். அவர் நம் சபை இல்லை. இன்றைக்குக் குடிக்காமல் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வேதம் வாசிக்கத் தெரியாதவர். அடி விழும் என்று தெரிந்தும், ஊருக்கு முன்னால், பொலிசுக்கு முன்னால், நான்தான் எடுத்தேன் என்று சொன்னவர்.

அதிபர் ஐயா, ஒரு குழாய்த் திருடன் செய்ததைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்தச் சபைக்கு முன்னால் எழும்பி நில்லுங்கள். அந்தக் கடிதம் உங்கள் மேசையில் இருந்ததா, இல்லையா? பிள்ளைகளை அனுப்பச் சொன்னது நீங்களா, இல்லையா?

சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.