பின்படிக்குப் போன டீ கேன்

போன ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடும்போது என் பனியனைக் கருக்கிவிட்டேன். போன் வந்தது, பேசிக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான்; நெஞ்சுக்கு நேராக முக்கோணமாய் ஒரு பழுப்பு வடு. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டாள். ஆனால் அந்த வாசனை இருக்கிறதே, பருத்தி கருகும்போது பாதி காகிதம் போலவும் பாதி பொரி வறுப்பது போலவும் வருவது, அது என்னை நேராக நல்லூரில் ஒரு சந்துக்குக் கொண்டுபோய், ஓர் இரும்புப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டது. காலை பதினொரு மணி. என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு யோசனை தோன்றிய இடமும் நேரமும் அதுதான்.

அப்போது கல்லூரி முடித்த சூடு ஆறவில்லை. பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க ஒப்பந்தத்தில் ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். எங்கே தீப்பிடித்தால் எந்தச் சந்து வழியாக வண்டி போகும், எந்தக் கம்பெனித் தொட்டியில் தண்ணீர் எடுக்கலாம், உள்ளே இருக்கிறவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று தெருத் தெருவாக நடந்து எழுத வேண்டும். நிலையத்தில் எனக்குக் கொடுத்த மேசை, ஹோஸ் காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஈரக் கித்தானும் ரப்பரும் கலந்த அந்த வாடையில்தான் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டினேன். சந்துக்கு ஒரு நிறம், தொட்டிக்கு ஒரு நிறம், ஆபத்துக்குச் சிவப்பு. சுருள் கம்பி போட்டுப் புத்தகமாகக் கட்டி நிலைய அலுவலர் முன்னால் வைத்தபோது, விருது வாங்கப் போகிறவள் போல நின்றேன்.

அவர் ஊத்துக்குளிக்காரர். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நிலையம் முழுக்க நெய் மணக்கும். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க இஞ்சினியரம்மா, இது திட்டமுங்களா, கல்யாண ஆல்பமுங்களா?"

சுற்றி இருந்த தீயணைப்பு வீரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சுட்டது.

அந்தப் புத்தகத்தில் சிவப்புக்கு மேல் சிவப்பு பூசியிருந்த கட்டடம் ஒன்று உண்டு. சென்னியப்பன் என்பவருடைய பனியன் கம்பெனி. கீழே கட்டிங், முதல் மாடியில் தையல், இரண்டாம் மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். மேலே போக முன்னால் ஒரு சிமெண்ட் படி. அதற்கு அடியிலேயே மின்சார போர்டு. ஷிப்மெண்ட் வாரம் வந்தால் அந்தப் படியோரம் முழுக்க அட்டைப்பெட்டி. பின்னால் ஓர் இரும்புப் படி இருந்தது, இருந்து என்ன, கதவுக்குப் பூட்டு, படியில் கட்டிங் வேஸ்ட் பண்டல்கள். முன்படியில் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. மாடியில் செக்கிங் மேசையில் நின்றவர்களில் ஒருத்தி என் அம்மா.

எங்கள் குடும்பம் சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தது. நான் படித்தது அம்மா அந்த மேசையில் நின்ற காலால். அதனால் அந்தப் பூட்டை எப்போது பார்த்தாலும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அம்மாவிடம் சொன்னால், "நீ படிச்சதெல்லாம் எங்களப் பயங்காட்டவா?" என்பாள்.

சென்னியப்பன் நல்ல மனிதர். ஆளைப் பார்த்ததும் மோர் கொடுப்பார். பூட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் இரண்டு காரணம் சொல்வார். "பின்னாடி தெறந்து உட்டா பீஸ் வெளிய போயிருங்க கண்ணு" என்பது முதலாவது; தைத்த துணி திருட்டுப் போய்விடும் என்ற பயம். இரண்டாவதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அது கன்னிமூலைங்க. கதவு தெறக்கவே கூடாதுன்னு வாஸ்துக்காரர் சொல்லிப்போட்டாரு." நான்கு வருடம் பாதுகாப்புப் பொறியியல் படித்தேன், கன்னிமூலைக்குப் பதில் சொல்ல ஒரு பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் ஒத்திகைக்குச் சம்மதம் வாங்கினேன். பின்கதவை அன்றைக்கு மட்டும் திறந்து வைத்தார்கள். வண்டி வந்தது, சைரன் அலறியது. என் கணக்குப்படி பாதிப் பேர் பின்படியில் இறங்க வேண்டும். நடந்தது என்ன தெரியுமா? முதலில் யாரும் அசையவில்லை. ஆம்புலன்ஸ் போகிறது என்று நினைத்தார்களாம். அப்புறம் விஷயம் தெரிந்து, அத்தனை பேரும் முன்படியில் ஆற அமர இறங்கி, சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். சூப்பர்வைசர் மாடியிலிருந்து, "அந்த லைன் முடிச்சுட்டுப் போங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தார். நிலைய அலுவலர் என்னைப் பார்த்து, "தீ ரொம்பப் பொறுமையான தீயா இருக்கோணும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

எல்லோரும் மேலே போனபிறகு நான் மட்டும் பின்பக்கம் போய் இரும்புப் படிக்குக் கீழே உட்கார்ந்தேன். அழுகை வரும் போல இருந்தது. அப்போதுதான் வாசலில் ஹாரன் அடித்தது. சவரிமுத்து அண்ணன். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். மொபெட்டின் பின்னால் டீ கேனும் வடைத் தூக்கும் கட்டிக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் சந்து முழுக்கச் சுற்றுவார். அந்த ஹாரன் ஓயவில்லை, தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். நான் எழுந்து முன்னால் வருவதற்குள் கட்டடம் காலி. தையல்காரர், அயர்ன்காரர், ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள், ஒத்திகையில் கால் வலி என்று உட்கார்ந்திருந்த அக்கா, அத்தனை பேரும் கேனைச் சுற்றி. சூப்பர்வைசர்தான் முதல் டம்ளரோடு நின்றார்.

சைரனுக்கு அசையாத கால் டீக்குப் பறக்கிறது. அப்படியானால் டீயைத் தூக்கிப் பின்படிக்குக் கீழே வைத்தால்?

ஓடிப்போய் சவரிமுத்து அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். "நமக்கென்ன தாயி, எங்க நிக்கச் சொல்லுதியோ அங்க நிக்கேன். பின்னால ஒரு நாய் கெடக்கும், அதுக்கும் ஒரு பன்னு குடுக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

சென்னியப்பனிடம் இந்தத் தடவை தீயைப் பற்றி மூச்சு விடவில்லை. முன்னால் டீ குடிக்கிறவர்கள் ரோட்டில் நின்று போன் பேசி, மொபைல் கடையை வேடிக்கை பார்த்து, மேலே வர எவ்வளவு நேரமாகிறது என்று மட்டும் கேட்டேன். பின்னால் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு வேப்பமரம், ஒரு சுவர். குடித்தால் மேலே வர வேண்டியதுதான். பீஸும் போகாது, சுற்றுச்சுவர் இருக்கிறது. அவர் முகம் மெல்ல மலர்ந்ததை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். உடனே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, "டீக்கு மட்டும் தெறந்தா தோசமில்லீங்களாம்" என்றார். அந்த வாஸ்துக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

முதல் நாள் பெரிய கூத்து. படியில் பண்டல்கள். நடுவழியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். சுனிதா என்ற ஒடிசாப் பெண் மேல்படியில் நின்றபடி கட்டிங் மாஸ்டரைப் பார்த்துப் போட்டாள் ஒரு சத்தம்: "அண்ணா, மூட்டை எடு! சாய் ஆறிப் போகுது!" நான் மூன்று மாதமாகக் கடிதம் எழுதியும் நகராத பண்டல்கள் மூன்று நாளில் போய்விட்டன. அதன்பிறகு யாராவது ஒரு பண்டலை அங்கே வைத்தால் அவர்பாடு திண்டாட்டம்தான். தினமும் இரண்டு ஒத்திகை, ஆண்டு முழுக்க. ஒருவருக்கும் அது ஒத்திகை என்று தெரியாது.

அடுத்த ஐப்பசியில், காலை பத்து மணி வாக்கில் நிலையத்துக்குப் போன் வந்தது. சென்னியப்பன் கம்பெனி, முன்படி, போர்டு வெடித்துப் பெட்டிகளில் தீ. வண்டி கிளம்பியது. நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். ஹெல்மெட் போட்டேனா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. சந்து திரும்பும்போதே கருகிய பருத்தி வாசம் முகத்தில் அடித்தது. முன்வாசல் முழுக்கக் கரும்புகை. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாகப் பின்னால் ஓடினேன்.

வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். எல்லோரும். சூப்பர்வைசர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். செக்கிங்குக்குக் கட்டும் ஏப்ரனோடு அம்மா. என்னைப் பார்த்ததும், "ஏட்டி, எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடியாற? நாங்க அப்பவே எறங்கியாச்சு" என்றாள். பக்கத்தில் நின்றவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பொகையப் பாத்ததும் என்ன செய்யன்னு யாரும் யோசிக்கல. காலு தானா இங்க வந்துட்டு. வந்தப்புறந்தான் டீயக் காணோமேன்னு பாத்தோம்."

நான் அம்மாவின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீரர்கள் தீயை அணைத்துவிட்டார்கள். போனது போர்டும் அட்டைப்பெட்டிகளும்தான். சென்னியப்பன் கண் கலங்க என் கையைப் பிடித்து, "கன்னிமூலை காப்பாத்திப்போட்டுச்சு கண்ணு" என்றார். ஆமாங்க என்று தலையாட்டினேன். அன்றைக்கு யாருக்குப் பெயர் போனால் என்ன? நிலைய அலுவலர் மட்டும் மறுநாள் என் ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டி, "இந்தச் சந்துல எந்தெந்தக் கம்பெனில டீ எங்க நிக்குதுன்னு இதுல போடும்மா. அதுக்கும் ஒரு கலர் குடு" என்றார். பச்சை கொடுத்தேன். அந்த வருடம் முடிவதற்குள் சந்தில் ஒன்பது கட்டடங்களின் பின்பக்கம் பச்சையானது. நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், நல்லூரே என் கையில் இருப்பது போல.

இப்போது சவரிமுத்து அண்ணன் வருவதில்லை. மகன் வீட்டோடு சாத்தூருக்கே போய்விட்டார். அவர் போனதும் கம்பெனிகளில் மாடிக்கு ஒன்றாக டீ மெஷின் வைத்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் காகித டம்ளரில் டீ; உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி. வடை கிடையாது, ஹாரன் கிடையாது, தடதடவென்று இறங்கும் அந்தச் சத்தம் கிடையாது. பனியன் கருகிய மறுநாள் மனசு கேட்காமல் சென்னியப்பன் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். இரும்புப் படியில் மழைத்துரு. சுனிதா ஊருக்குப் போய்விட்டாளாம். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் கேட்டால், பின்னால் ஒரு படி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

வருத்தமாகத்தான் இருந்தது, ஓர் அரை மணி நேரம். அப்புறம் ஆறு மணிக்கு வேலை முடிந்தது. விரல் வைக்கும் வருகைப்பதிவு மெஷின் முன்னால் மொத்தக் கம்பெனியும் வரிசையில் நின்றது. ஒருத்தர் பாக்கியில்லை. விரல் வைக்காமல் யாராலும் வீட்டுக்குப் போக முடியாது. அது மாட்டியிருப்பது முன்படிக்குப் பக்கத்தில்.

அதைக் கழற்றிப் பின்படிக்குக் கீழே மாட்டலாமா என்று சென்னியப்பனிடம் அங்கேயே கேட்டேன். "ஷிப்மெண்ட் போகட்டுங்க கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். ஷிப்மெண்டுக்கு முன்னாடிதாங்க வேணும், பெட்டி அடுக்குறது அப்பத்தானுங்களே என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க உட மாட்டீங்க. சரி, மாட்டிப்போடுங்க."

பின்படியின் அடியில் சுவரை அளந்துவிட்டு வந்திருக்கிறேன். சாரல் படாமல் மேலே ஒரு தகரம் வேண்டும், ஒயர் இழுக்க ஓர் எலக்ட்ரீஷியன் வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.