டேங்கில் எழுந்த சாராய வாடை

மரக்காணத்தில் உப்பு வாரியவர்கள் ஏராளம். பழத்தோலில் புரதம் வளர்த்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் சொல்கிறேன், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூஸ் கம்பெனி கழிக்கும் அன்னாசித் தோலை அரைத்து, வேகவைத்து, ஆறியதும் டேங்கில் ஊற்றி ஈஸ்ட் விடுவேன். ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாத உயிர். சர்க்கரையைத் தின்று பெருகும். வடித்துக் காயவைத்தால் இறால் தீவனத்துக்கு முதல்தரமான புரதம். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். காற்றடிக்கும் புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் பெரிய டேங்க் போட்ட மறுநாள் காலை கேட்டைத் திறந்தேன். குப்பென்று சாராய வாடை! புளோயர் நின்றிருந்தது. காவலுக்கு இருந்த செல்வி, என்னோடு உப்பளத்தில் வேலை பார்த்தவள், பெருமையாக நின்றாள்.

"நான்தாண்ணே நிறுத்துனேன். தண்ணி அசைஞ்சா எப்படிப் படியும்? உப்புப் பாத்தியில கால் வெச்சாலே திட்டுவியே!"

உப்புக்கு அது சரி. ஈஸ்ட்டோ, காற்று நின்றால் பெருகுவதை விட்டுவிட்டுச் சாராயம் ஆக்கும்.

அதற்குள் தெருப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். முன்னால் லூர்து, கையில் கடப்பாரை. கள்ளச்சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"ஏன்யா, இறாலு தீனின்னு சொல்லிட்டு இங்க என்னா காச்சுற?"

"காச்சல லூர்து, காத்து நின்னுபோச்சு. சாயந்தரம் வரைக்கும் டைம் குடு. வாடை போவலன்னா நீயே ஒடை."

"அதுக்குள்ள வித்துட்டு ஓடிடுவ!"

"அப்ப இங்கயே குந்து."

குந்தினாள். புளோயரைப் போட்டேன். அடியிலிருந்த வாடையெல்லாம் காற்றோடு கிளம்பித் தெருவரைக்கும் போனது. லூர்து கடப்பாரையோடு எழுந்தாள். என் கைக்காசெல்லாம் அந்த டேங்கில் இருந்தது. பயத்தை வெளியே காட்டுகிற ஆளா நான்! கேட்டில் சாய்ந்துகொண்டு, "கொஞ்சம் பொறு" என்றேன்.

காற்று கிடைத்தால் ஈஸ்ட் தான் ஆக்கிய சாராயத்தையே தின்றுவிடும். மதியம் நுரை பொங்கிப் பொங்கி எழும்பியது. வெயில் சாய்ந்தபோது ரொட்டிக்கடை வாசனை! லூர்து ஏணியில் ஏறி இரண்டு தரம் மோந்து பார்த்தாள்.

"சரி. இனிமே இந்தப் புளோயரை யாரு பாத்துக்கறது?"

"செல்விதான்."

"அவளா? மறுபடியும் நிறுத்துவா. நான் பாத்துக்கறேன். எப்ப வேலைக்கு வரணும்?"

அன்று முதல் புளோயர் சத்தம் சற்றுக் குறைந்தாலே லூர்துவிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும். என் ஈஸ்ட் கேட்டு இறால் பண்ணைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். டேங்க் வைக்கப்போகிறவர்களே, உங்களை நம்புகிற ஆளைக் காவலுக்குப் போடாதீர்கள். சந்தேகப்படுகிற ஆளைப் போடுங்கள்.