மீன் பெட்டி மூடியும் இடது கண்ணும்

என்னுடைய ரிஃப்ளெக்டர் ஒரு மீன் பெட்டியின் மூடி. புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு ஐஸ் போட்டு மீன் வருகிற பெரிய தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, அதன் மூடிதான். ஒரு பக்கத்தில் சப்பாத்தி சுற்றுகிற சில்வர் பேப்பரை ஒட்டியிருக்கிறேன். மறுபக்கம் வெறும் வெள்ளை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை முழுசாகப் போகவில்லை. அதைக் கையில் எடுத்தால் எங்கள் குடியிருப்புப் பூனைகள் இரண்டு கேட் வரைக்கும் வழியனுப்ப வரும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வெயிலில் முகத்தைப் படமெடுப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று கொஞ்சம் திமிரோடேயே சொல்லிக்கொள்வேன்.

வார நாட்களில் நான் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் பதினெட்டு வருஷமாகக் கடற்கரைக்காரி ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். யாருடைய முகமாவது கிடைத்தால் போதும்.

முகத்தை வெயிலுக்குக் காட்டினால் படம் பளிச்சென்று வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு வருகிற கல்யாண ஜோடிகளைப் பாருங்கள், பாறையோரம் நிறுத்தி சூரியனுக்கு நேரே சிரிக்கச் சொல்வார்கள். பாவம், அவை சிரிக்கிற முகங்களாகவா இருக்கும், எலுமிச்சம்பழத்தைக் கடித்த முகங்களாக இருக்கும். கேட்டால் கேமரா சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சூரியனை முதுகுக்குக் கொடுக்க வேண்டும். அப்போது முகம் நிழலில் இருக்கும், கண் சுருங்காது. பிறகு மூடியை எதிரே நெஞ்சு உயரத்தில் பிடித்து லேசாக மேலே சாய்த்தால், முதுகில் அடிக்கிற வெயிலே திரும்பி வந்து முகத்தில் உட்காரும். இன்னும் தாழ்த்திவிட்டால் முகவாய்க்கடியிலிருந்து டார்ச் அடித்த மாதிரி, பேய்க்கதை சொல்கிற முகமாகிவிடும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் மூடி பிடிக்கிறவருக்கு என்னிடம் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. கேமராவையும் பார்க்கக் கூடாது, என்னையும் பார்க்கக் கூடாது. எதிரே நிற்பவரின் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு கருவிழியிலும் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழுகிற வரைக்கும் மூடியை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புள்ளி இல்லாத முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூங்குகிற முகம்தான். வழக்கமாக மூடி பிடிப்பது என் கணவர். ஆராய்ச்சிக்கூடத்தில் எத்தனை பேருக்கு மேலதிகாரியோ தெரியாது, கடற்கரைச் சவுக்குத் தோப்பில் என்னிடம் திட்டு வாங்குவார்.

எனக்கு ரவிக்கை தைக்கிற அக்கா ஒருவர் புதுப்பட்டினம் பஜாரில் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். போன மாசி மாதம் அளவு கொடுக்கப் போனபோது, ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டார்.

"மேடம், எம் பொண்ண ஒரு போட்டோ புடிச்சிக் குடுங்க. வரன் பாக்குறோம். ஒரு எடத்துலேர்ந்து கேட்டுக்கினே கீறாங்க."

"அதுக்கென்ன அக்கா, ஞாயித்துக்கிழமை வாங்க."

"சைடு போஸ் போதும். வலது பக்கமா புடிச்சிருங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை. ஆறு வயதில் பக்கத்துப் பிள்ளைகளோடு வில் அம்பு விளையாடியபோது ஒரு விளக்குமாற்றுக் குச்சி இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது பொருத்திய செயற்கைக் கண். சட்டென்று பார்த்தால் தெரியாது. பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு கண் நம்மோடு வரும், இன்னொன்று நின்றுவிடும், அப்போதுதான் தெரியும்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் ஃபோன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மா சொல்றத கேக்காதீங்க. நேரா எடுங்க."

விஷயத்தை அவளே சொன்னாள். போன வருஷம் இதே மாதிரி ஒரு பக்கவாட்டுப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள். காபித் தட்டோடு குனிந்தபோது பையனின் அம்மா கவனித்துவிட்டார். பாதி காபியில் எழுந்து வாசலுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு, மறைத்துவிட்டீர்களே என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

"கண்ணு போனதுக்கு நான் அழுததே இல்ல ஆன்ட்டி. திருடிய புடிச்ச மாரி பாத்துட்டுப் போனாங்க பாருங்க, அதுக்குத்தான் அழுதேன். இந்த வாட்டி பாத்துட்டு வர்றவங்க வரட்டும், வராதவங்க போவட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எங்கம்மாக்கு என்னப் பாத்தா அசிங்கமா கீது. வூட்டுல கூட என் வலது பக்கந்தான் ஒக்காருவாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளையைப் பார்க்க அசிங்கப்படுகிற அம்மாவும் உண்டா? நேராகத்தான் எடுப்பேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறேமுக்காலுக்கு இரண்டு வண்டியில் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்தைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு. அதன் விளிம்பில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் காலை வெயில் தோளைத் தொடும், முகத்துக்கு எதிரே மரங்களின் நிழல் இருக்கும். மயில்கழுத்து நிறப் புடவையில் அந்தப் பெண் அப்படி நின்றாள். என் கணவருக்கு அன்று ஷிஃப்ட். வேறு வழியில்லாமல் மூடியை அவள் அம்மாவின் கையில் கொடுத்து என் சட்டத்தைச் சொன்னேன்.

"கொஞ்சம் திரும்புடி," என்றார் அம்மா.

"நேராத்தான் நிப்பேன். இல்லன்னா போட்டோவே வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன். அவர் மூடியைத் தூக்கினார்.

முதல் தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். எடுத்த எடுப்பில் அசத்த வேண்டும் என்ற ஆசையில் சில்வர் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். கூரிய வெளிச்சம் பாய்ந்தது. வலது கண் கூசிச் சுருங்கி நீர் கோத்தது. இடது கண் எதுவும் நடக்காத மாதிரி அப்படியே நின்றது. படத்தில் இரண்டு கண்ணும் இரண்டு வேறு ஆட்களுடையவை போல இருந்தன. அம்மா எட்டிப் பார்த்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்குத்தான் சைடா புடிங்கன்னேன்."

"வெள்ளைப் பக்கத்தைத் திருப்புங்க அக்கா, சரியாயிடும்," என்றேன். சரியாகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளையிலிருந்து வருகிற வெளிச்சம் மெத்தென்று இருக்கும், எந்தக் கண்ணும் அதற்குச் சுருங்காது.

வலது கண் உடனே மலர்ந்தது, புள்ளியும் விழுந்தது. ஆனால் இடது பக்கம் இருட்டு. எட்டுப் படம் எடுத்தேன், எட்டிலும் மூக்குக்கு அந்தப் பக்கம் நிழல். மூடியோடு அம்மா பெண்ணின் வலது புறமாகவே நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வாருங்கள் என்றால் இரண்டடி வருவார், அடுத்த படத்துக்குள் மறுபடி அங்கே போய்விடுவார். அவர் பார்வை பெண்ணின் தோளில், புடவை மடிப்பில், மணலில் எல்லாம் இருந்தது. என் சட்டம் மட்டும் காற்றில் பறந்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போனால் கண்குழியில் நிழல் விழுந்துவிடும், பிறகு மூடியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அன்று நான்தான் அந்த நுணல்.

"நூலைக் கண்ணுகிட்ட வச்சு மணிக்கணக்காப் பாக்குறீங்களே அக்கா, பெத்த பொண்ணோட கண்ணை அஞ்சு நிமிஷம் பாக்க முடியலையா? அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு உரக்க இருந்தது என்று தெரிந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அம்மா மூடியைத் தாழ்த்தினார். "என்னால அந்தக் கண்ண பாக்க முடியாது மேடம்."

"தெரியுமே," என்றாள் பெண். நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "வூட்டுலயே தெரியுமே."

"உனுக்கு இன்னாடி தெரியும்?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "அசிங்கமாம்ல அசிங்கம். அன்னிக்கு மத்தியானம் கண்ணப் பொத்திக்கினு ஓடியாந்த. முகூர்த்தத் துணி பதினோரு ரவிக்க நிக்கிது. தண்ணி ஊத்திக் கழுவி, துணி வச்சிக் கட்டி, ஒண்ணுமில்ல படுத்துத் தூங்குன்னேன். நீயும் அழுவாத தூங்கிட்ட. நான் ராவெல்லாம் மிஷினு மிதிச்சிக்கினு இருந்தேன். மறாநாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனா, நேத்தே வந்திருந்தா பாத்திருக்கலாமேம்மான்னாரு டாக்டரு. நேத்தே! கட்ட அவுத்தப்ப நான் பாத்தேன். அதுக்கப்பறம் அந்தப் பக்கம் என்னால பாக்க முடியல. உங்கப்பாகிட்ட கூட சொன்னதில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. மணலுக்குள் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. முகங்களைப் படிக்கத் தெரிந்தவள் என்று மார்தட்டிக்கொள்கிறவள், பத்து வருஷமாக இந்த முகத்தின் எதிரில் நின்று அளவு கொடுத்திருக்கிறேன். ஒரு எழுத்துகூடப் படித்ததில்லை. கேமராவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பையைத் திறந்தேன்.

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். ஆறு வயதில் நடந்ததில் அவளுக்கு ஆஸ்பத்திரி வாடையைத் தவிர வேறு எதுவும் ஞாபகமில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக அம்மா தன் வலது பக்கம் உட்கார்ந்ததற்கு அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். அது பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது. வந்திருக்கும் உண்மை அதைவிட லேசானதும் இல்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லை அம்மாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பழையபடி நேராக நின்றாள்.

"யம்மா, மூடிய தூக்கு."

அம்மா தூக்கவில்லை.

"தூக்கும்மா. வெயிலு ஏறுது."

அம்மா தூக்கினார். வெளிச்சம் பெண்ணின் கழுத்தில் விழுந்து ஆடியது.

"கழுத்துல வுழுது. மேல. இன்னும் மேல. இப்ப இந்தாண்ட வா." அம்மா ஓரடி எடுத்து வைத்தார். "இன்னும் வா. ஆன்ட்டிய பாக்காத. மண்ண பாக்காத. என்னப் பாரு."

என் வேலையை அவள் செய்துகொண்டிருந்தாள், என்னைவிட நன்றாகவே செய்தாள். அம்மா அடிமேல் அடி வைத்து இடது பக்கம் வந்து நின்றார். வெளிச்சம் கன்னத்தில் ஏறியது, கீழிமையில் ஏறியது. அம்மா கண்ணை இறுக மூடித் திறந்தார். பிறகு பார்த்தார். மூடி மட்டும் கொஞ்சம் சாய்ந்தது, சரியான அளவு சாய்ந்தது, இடது கருவிழியில் அரிசி மணி அளவுக்கு ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

"அதுவும் மின்னுதுடி," என்றார் அம்மா.

"எப்பவும் மின்னிக்கினுதான் கீது. நீதான் பாக்கல."

படம் கிடைத்துவிட்டது, இறக்கிவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். கை வலித்திருக்கும், ஆனால் அவர் இறக்கவில்லை. தாரைதாரையாக வழிகிற கண்ணைத் துடைக்கக்கூட மூடியிலிருந்து ஒரு கையை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு புடிங்க மேடம்," என்றார், என் பக்கம் திரும்பாமலேயே. "நேராவே புடிங்க."