என் படத்துக்கு நேரே கோடு இல்லை

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் எல்லோருடைய கைபேசியும் ஒன்றாக அதிர்ந்தது. சீனாக்காரர்கள் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் மற்றவரின் தோளில் தட்டினார். நானும் கையுறையைக் கழற்றிவிட்டு என்னுடையதை எடுத்துப் பார்த்தேன்.

பச்சை நிறத்தில் படுக்கைக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் இடப்பக்கத்தில் ஒருவருடைய சின்னப் படம். மேலே இருந்தவர்களின் கோடுகள் திரையின் மறுகரை வரைக்கும் நீண்டிருந்தன. கீழே வரவரக் கோடு குறுகிக்கொண்டே வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே நான் இருந்தேன். நான் முகப்படம் வைக்கவில்லை, ஆகவே சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை. அதற்கு நேரே கோடு இல்லை.

கனடாவில் எங்கள் நகரத்தின் லாசால் பகுதியில் சீனர் நடத்தும் அந்தத் தொழிற்சாலையில் கொழுக்கட்டை போல ஒரு பண்டத்தைச் செய்து, உறையவைத்து, கடைகளுக்கு அனுப்புவார்கள். நான் குளிரறையில் பெட்டி அடுக்குகிறவன். சேர்ந்த அன்றே, எங்களை மேற்பார்வை செய்யும் சீனப் பெண்மணி என் கைபேசியை வாங்கித் தங்கள் நாட்டுச் செயலியை ஏற்றித் தந்தார். எந்த நாளில் யாருக்கு வேலை என்பதெல்லாம் அதில் உள்ள குழுவில்தான் வரும். நான் பார்ப்பேன். பார்த்ததற்கு மேல் அதில் செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதத் தொடங்கினாலே விரல் கூசும். ஆனால் கோடு பார்க்கப் படிப்பு வேண்டாம்.

நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் அண்ணை ஒருவர் அங்கே மாப் பிசையும் பகுதியில் இருந்தார். அவரிடம் திரையைக் காட்டினேன்.

"உதென்னண்ணை?"

"ஆர் எவ்வளவு கதைக்கினமெண்டு எண்ணிப் போட்டிருக்கிறாங்கள், தம்பி. உனக்குக் கோடே இல்லை. நீ பிறக்கேக்கையாவது அழுதனியோ?"

"குறூப்பிலை கதைக்க எனக்கென்ன கிடக்கு?"

"அதை அவங்களுக்குச் சொல்லு. நூறு கோடி சனத்துக்கு மேலை பாவிக்கிற சாமான் உது. எவ்வளவு நேரம் பாக்கிறாய், எங்கை தட்டுறாய், எல்லாத்தையும் அளப்பாங்களாம். சும்மா அளப்பாங்களே?"

"உங்கடை கோடு?"

"கட்டைதான். நான் பெருவிரலை நிமித்திக் காட்டிப்போட்டு விடுறனான். அது காணும்."

அன்று முழுவதும் அதே யோசனை. நூறு கோடிப் பேரை எண்ணுகிறவர்களுக்கு, நான் ஒருவன் பேசாமல் இருப்பது எப்படிக் கண்ணில் பட்டது? ஊரில் இராணுவம் வந்து வீட்டிலுள்ளவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போன காலத்தில் வளர்ந்தவன் நான். எண்ணிக்கை எடுத்தால் அதன் பின்னால் ஏதோ வரும். நல்லது வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதன்பிறகு எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன். அறிவிப்பு வந்த உடனே சீனர்கள் ஒருவர் பின் ஒருவராக இரண்டே இரண்டு எழுத்துகளைப் போட்டார்கள். எல்லோரும் அதே இரண்டு எழுத்து. வேறு செய்தி வந்தாலும் அதே இரண்டுதான். மனிதர்கள் பேசுவது அப்படி இருக்குமா? அது ஏதோ சங்கேதம் என்று முடிவு செய்தேன். ஞாயிறு மாலைகளில் மேற்பார்வைப் பெண்மணி எனக்கு அழைப்பு எடுத்து, "நாளைக்கு வேலை, ஓகே?" என்று கேட்பது வழக்கம். அண்ணைக்கு அப்படி அழைப்பு வருவதில்லை என்று விசாரித்து அறிந்தேன். என்னை மட்டும் ஏன் வேவு பார்க்கிறார்?

எனக்கு மேலே கடுகளவு கோட்டோடு இருந்தவர் ஒரு பங்களாதேஷ்காரர். அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. அவருடைய பாதணிகள் இருந்த தட்டில் வேறு யாருடையதோ இருந்தன.

சீனப் புத்தாண்டு முடிந்துவிட்டது. அதன்பிறகு கடைகளுக்குப் போகும் பெட்டிகள் குறையும், ஆட்களையும் குறைப்பார்கள். முன்பு வேலை செய்த தையல் தொழிற்சாலை என்னை நிறுத்தியபின் ஒரு முழுக் குளிர்காலம் வீட்டு யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். ஐம்பது வயதைக் கடந்து, பிரெஞ்சும் இல்லாமல், முன்பின் தெரியாதவர்களைக் கண்டால் நா ஒட்டிக்கொள்ளும் ஒருவன் இன்னொரு கதவைத் தட்டுவது என்றால் எப்படி? இந்த வேலை போகக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் உதவி. இரண்டு சொல் பிரெஞ்சும் மூன்று சொல் ஆங்கிலமும் வைத்துக்கொண்டு ஊரையே ஆளுகிறவள்.

"கதைக்காட்டி வேலையாலை நிப்பாட்டுவினமோ? ஆரப்பா சொன்னது?"

"அண்ணைதான்."

"அந்தாள் சொல்லுறதிலை பாதி புளுகு. சரி, கோடுதானே வேணும்? விடியக்காலமை ஒரு குட்மோர்னிங் படம் போடுங்கோவன். எனக்கு எத்தினை வருகுது, அள்ளித் தாறன்."

உண்மைதான். எங்கள் ஆட்களின் கைபேசிகளில் பொழுது விடிவதே அப்படித்தான். ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் முருகனும் அம்மனும் ரோசாப்பூவும் வந்து குவியும்.

"சாமிப் படம் வேண்டாம்," என்றேன். "அவங்கடை சமயம் என்னவோ. பிழையா எடுத்தாலும் எடுப்பாங்கள்."

"அப்ப பூ. பூவெண்டால் எல்லாருக்கும் பொது."

இருவரும் கட்டிலில் இருந்து நெடுநேரம் தேடினோம். தமிழ் எழுத்து இருந்த படங்களை ஒதுக்கினேன், ஏதோ எழுதியிருக்கிறேன் என்று நினைக்கக்கூடும். சிவப்புப் பூக்களையும் ஒதுக்கினேன், மேற்பார்வை செய்கிறவர் பெண். கடைசியில் ஒன்று அகப்பட்டது. வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்திப் பூக்கள், நடுவில் ஒரு குத்துவிளக்குச் சுடர், பின்னால் கறுப்பு. கோயிலில் ஐயர் தட்டில் கொண்டுவருவது போல இருந்தது. இதில் ஒருவரும் குற்றம் காண முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை வானில் ஏற முன் அதைக் குழுவில் போட்டேன். அண்ணை வழியில் பெற்றோல் அடிக்க இறங்கியபோது எடுத்துப் பார்த்தேன். என் படத்துக்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்திருந்தன. சிலர் மெழுகுதிரி போட்டிருந்தார்கள். முதலாளியும் கை கூப்பியிருந்தார். மனைவிக்குக் குரல் செய்தியில் சொன்னேன்.

"பாத்தியளே," என்று பதில் வந்தது. "விளக்குக்கு விளக்கு வைக்கத் தெரிஞ்ச சனம்."

அடுத்த நாளும் போட்டேன், இந்த முறை வெள்ளைச் செவ்வந்தி மட்டும். அதற்கு அடுத்த நாளும்.

ஆனால் தொழிற்சாலையில் ஏதோ சரியில்லை. நான் சாப்பாட்டு அறைக்குள் போனால் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். என்னோடு பெட்டி தூக்கும் சீனப் பெடியன் பாரமான பெட்டிகளை நான் தொட முன்பே எடுத்துக்கொண்டு போனான். ஒரு வயதான அம்மா தன் சூப்பில் பாதியை என் முன்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார். மேற்பார்வைப் பெண்மணி கடந்து போகும்போது என் தோளில் கை வைத்து, ஒன்றும் சொல்லாமல் எடுத்தார். இவ்வளவு அன்பு எதற்கு? ஒருவனை அனுப்பப்போகிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள். தையல் தொழிற்சாலையில் என்னை நிறுத்திய அன்று கேக் தந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த வார அட்டவணை வந்தது. மேலிருந்து கீழாக மூன்று முறை பார்த்தேன். என் பெயர் இல்லை.

அண்ணையின் பகுதிக்குப் போனேன். அவர் கை முழுக்க மா.

"அண்ணை, என்ரை பேர் இல்லை."

"உன்ரை பேரோ? வடிவாப் பாத்தியோ?"

"பாத்தனான். நான்தான் இப்ப ஒவ்வொரு நாளும் குறூப்பிலை பூப் போடுறன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டவை."

"எனக்குத் தெரியாது, நான் சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்." சற்று யோசித்தார். "கதைக்கச் சொன்னால் ஒரு அளவா எல்லோ கதைக்க வேணும். முந்தி கோடில்லாத ஆள். இப்ப கோடு கூடிப்போச்சுப் போலை."

"விளையாடாதையுங்கோ அண்ணை."

"ஆர் விளையாடினது? போய் அந்த மனுசியைக் கேள். வாய் என்ன கறி கூட்டவோ வைச்சிருக்கிறாய்?"

கேட்காமல் வீட்டுக்குப் போயிருப்பேன். முன்பு நிறுத்தியபோது அப்படித்தான் போனேன். ஆனால் இந்த முறை மனைவியின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. வேலை முடிந்ததும் மேற்பார்வைப் பெண்மணியின் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு பழக்கூடை இருந்தது. அப்பிள், தோடம்பழம், மேலே வெள்ளை நாடா. கூடையை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான்.

"எல்லோரும் சேர்ந்து," என்றார். "எடுத்துக்கொள்."

நான் கூடையைத் தொடவில்லை. தொட்டால் நிறுத்தியதற்குச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று பயம்.

"எனக்குப் பழம் வேண்டாம். வேலை வேண்டும்."

"வேலை இருக்கு. ஒரு வாரம் வீட்டில் இரு. பிறகு வா."

பிறகு. தையல் தொழிற்சாலையிலும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"பிறகு இல்லை. திங்கள் வாறன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அம்மாவா?" என்று கேட்டார்.

ஏன் என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"அம்மா செத்துவிட்டார்."

தலையை மெதுவாக ஆட்டினார். "எப்போது?"

"நான் கனடாவுக்கு வர முன்பு."

ஆட்டிக்கொண்டிருந்த தலை நின்றது. கைபேசியை எடுத்து என் செவ்வந்திப் பூக்களைக் காட்டினார். "அப்படியென்றால் இது யாருக்கு?"

"இது குட்மோர்னிங்."

"குட்மோர்னிங்?"

"ஓம். எல்லோருக்கும். பூ. விளக்கு. கடவுளுக்கு வைக்கிற பூ."

கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். வெள்ளைச் செவ்வந்தியும் மஞ்சள் செவ்வந்தியும் அவர்கள் ஊரில் கல்லறைக்குக் கொண்டுபோகிற பூ. பேசாத ஒரு மனிதன் முதன்முதலாக வாய் திறந்து அந்தப் பூவைப் போட்டான், அடுத்தடுத்த நாளும் போட்டான். என் வீட்டில் யாரோ மிக நெருங்கியவர் போய்விட்டார் என்று தொழிற்சாலை முழுவதும் துக்கம் காத்ததாம். துக்கத்தோடு குளிரறையில் நிற்க வேண்டாம் என்று அவர்தான் என் பெயரை எடுத்துவிட்டாராம். அந்த வாரத்துச் சம்பளத்தைத் தரும்படி முதலாளியிடமும் கேட்டிருக்கிறார்.

என் காது சுட்டது. ஆனாலும் உள்ளே இருந்த சந்தேகம் போகவில்லை. வாய் திறந்தது திறந்ததுதான் என்று அந்தக் கோடுகளைப் பற்றிக் கேட்டேன். ஏன் எண்ணுகிறீர்கள்?

என் கைபேசியைக் காட்டச் சொன்னார். நாங்கள் பாவிக்கும் மற்றச் செயலியைத் திறந்து, மனைவிக்கு அனுப்பிய செய்தியின் அருகே இருந்த இரண்டு நீலச் சரி அடையாளங்களில் விரலை வைத்தார்.

"இதில் பார்த்தால் தெரியும். எங்களுடையதில் இது இல்லை. நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. அதனால் எல்லோரும் எழுதுவார்கள்." சீனர்கள் போடும் அந்த இரண்டு எழுத்துகளைக் காட்டினார். கிடைத்தது என்று அதற்குப் பொருளாம். "எழுதாத ஆளுக்கு நான் போன் எடுக்க வேண்டும். யார் எழுதவில்லை என்று பார்க்கத்தான் கோடு."

நான் பார்ப்பது அவர்களுக்குத் தெரியும் என்றல்லவா இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன்.

"பங்களாதேஷ்காரர்?" என்று கேட்டேன்.

"டொரொண்டோ. தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்."

அதைப் பாதிதான் நம்பினேன். ஒரு கோட்டை ஒன்றுக்காக எண்ணத் தொடங்கினால், பிறகு வேறு ஒன்றுக்கும் அது உதவும். அவர் நல்ல மனுசிதான். ஆனால் கோட்டைப் பார்க்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லையே.

"நீயே அவர்களுக்குச் சொல்," என்று என் கைபேசியில் குழுவைத் திறந்து, ஒலிவாங்கி அடையாளத்தை அழுத்திப் பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினார். தப்ப வழியில்லை. என் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், பூ குட்மோர்னிங்குக்கு, பழத்துக்கு நன்றி, திங்கட்கிழமை வருவேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். விரலை எடுத்தார். வெளியே சாப்பாட்டு அறையில் யாரோ அதைப் போட்டுக் கேட்டிருக்க வேண்டும், பெண்கள் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கைபேசியைத் திருப்பித் தந்து, பழக்கூடையை என் கையில் திணித்து, "போ, பெயரைப் போடுகிறேன்," என்றார்.

நான் போகவில்லை.

"இப்போது," என்றேன்.

புருவத்தை உயர்த்தினார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, அட்டவணையைத் திறந்து, திங்களிலிருந்து என் பெயரைச் சேர்த்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அனுப்பியாயிற்று என்று கையைக் காட்டினார். தலையை ஆட்டிவிட்டு, கூடையை நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே நின்றேன். வெளியே அண்ணை வானின் ஒலிப்பானை அடிக்கத் தொடங்கியிருந்தார். புதிய அட்டவணை வந்து என் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.