துரை காருக்கு விளக்கெண்ணெய்

எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களா குன்றின் மேல் இருந்தது. அதனால் காலையில் அவர் கார் ஒழுங்காகச் செய்ய வேண்டிய முதல் வேலை நிற்பதுதான். பங்களா வாசலிலிருந்து செம்மண் பாதை நேரே கீழே இறங்கும். ஓடைப் பாலத்துக்கு முன்னால் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். அந்த இடத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் துரை ஆபீசுக்கு வரமாட்டார், ஓடைக்குத்தான் போவார்.

அந்த ரப்பர்த் தோட்டம் மலாயாவில் குளுவாங்குக்கும் யோங் பெங்குக்கும் நடுவே இருந்தது. நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். குளுவாங்கில் ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டுகிறவர்கள், கையெழுத்துக்குப் பெருவிரலை வைக்கிறவர்கள். எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்த முதல் ஆள் நான். இந்தச் செய்தியை அம்மா குழாயடியில் நாளுக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவாள்.

துரையின் பழைய காரில் பிரேக் என்றால் கம்பி. மிதித்தால் கம்பி இழுக்கும், வண்டி நிற்கும். புதிதாக வாங்கிய காரில் கம்பியே இல்லை. மிதித்தால் எண்ணெய் போன்ற ஒன்று மெல்லிய செப்புக் குழாய்களில் ஓடி நாலு சக்கரத்துக்கும் போகும். சக்கரத்துக்குள்ளே ஒரு குட்டி சிலிண்டர். அதில் ரப்பரால் செய்த இரண்டு சின்னக் கிண்ணங்கள். எண்ணெய் அவற்றைத் தள்ள, அவை இரண்டு இரும்பு ஷூக்களைத் தள்ள, ஷூக்கள் சுழலும் டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும். இதெல்லாம் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது.

கார் டிரைவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே வளர்ந்தவர். ஆபீஸ் வாசலில் என்னை "ஐயா" என்பார், ஆபீஸைத் தாண்டினால் "டேய்". எஞ்சினைக் காதால் கேட்டே நோய் சொல்லிவிடுவார், ஆனால் எழுத்து தெரியாது. நான் அதற்கு நேர் எதிர். புதுக் காரை அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

"எண்ணெய்னா வழுக்கும். அதை ஊத்தி வண்டிய நிறுத்துறேங்கிறான் வெள்ளக்காரன். இதைக் கேக்க ஆளில்லையா?" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை என்னைக் கார்க் கொட்டகைக்குக் கூப்பிட்டார். பின்சக்கரத்தில் ஒரு குழாய் மூட்டு கசிந்திருக்கிறது. அதை அவரே முறுக்கி அடைத்துவிட்டார். ஆனால் காலடிப் பலகைக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தொட்டி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வண்டியோடு வந்த சின்ன பிரேக் எண்ணெய் டின்னும் தீர்ந்துவிட்டது.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கான்னு வாசி."

வாசித்தேன். கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள், அம்மாவும் இருந்தாள். தொட்டி முக்கால் அளவுக்குக் குறையக்கூடாது என்ற வரியைத் தமிழில் கணீரென்று சொன்னேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று வரி. அவற்றில் எனக்குப் புரியாத வார்த்தைகள் ஐந்தாறு இருந்தன. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திக்கித் திணற எனக்கு மனமில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

"எந்த எண்ணெய்னு போட்டிருக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

"சுத்தமான எண்ணெய்னு போட்டிருக்குண்ணே."

அப்படி எங்கேயும் போட்டிருக்கவில்லை. அவர் என்னை நம்பி, புது டின் உடைத்து, எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயில் சுத்தமானதாகப் பார்த்து ஊற்றினார். "எம்மவன் காருக்கே பாடம் வாசிக்கிறான்" என்று அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இரண்டு நாள் பிரேக் நன்றாகவே பிடித்தது. புதன்கிழமை பிடித்த பிடியை விடவில்லை. துரை தோட்டத்தின் தூரத்து டிவிஷனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுப்பதுபோல் கார் முனகி முனகி வந்து, நாலு சக்கரத்திலும் புகையோடு நின்றுவிட்டது. துரை உச்சி வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தார். சக்கரங்களில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் சின்னத் திருகுகளை டிரைவர் தளர்த்தி, தொட்டிக்குத் திரும்ப வழியில்லாமல் அடைபட்ட எண்ணெயைப் பீய்ச்சவிட்ட பிறகுதான் அவை சுழன்றன. ஒரு ஜோடி மாடு காரை இழுத்துக்கொண்டு வந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா அந்த வருஷம் கிடைக்கவில்லை.

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும், மரியாதை மட்டும் வராது. "சனிக்கிழம சாயங்காலம் துரைசானி குளுவாங் ஸ்டேஷன்ல வருது. வண்டி ஓடலன்னா, நீ வேற வேல பாரு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

டிரைவர் டிரம்மைக் கழற்றினார், சக்கரத்து சிலிண்டரையும் மிதிக்கடியில் எண்ணெயைத் தள்ளும் பெரிய சிலிண்டரையும் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர்க் கிண்ணங்கள் இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய மொச்சைக்கொட்டைபோல் உப்பி, கொழகொழவென்று இருந்தன. ரப்பரை மண்ணெண்ணெயில் போட்டால் உப்பும். எங்கள் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ரப்பருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்கு, காருக்குள் இருப்பதும் அதே ரப்பர்தான் என்று தோன்றவில்லை.

ஆபீசுக்கு ஓடி அகராதியை எடுத்து அந்த மூன்று வரியையும் வார்த்தை வார்த்தையாகப் பார்த்தேன். பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய் எதையும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் ரப்பர் கெடும் என்று அச்சடித்திருந்தார்கள். எஞ்சின் எண்ணெயும் பூமியிலிருந்து வருவதுதான். கொட்டகைக்குத் திரும்பி வந்து டிரைவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

கையில் இருந்த ஸ்பானரை எங்கே எறிவது என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு கீழே வைத்தார்.

"படிச்சவன் சொன்னா சரியா இருக்கும்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"துரைகிட்ட நான் போய்ச் சொல்லிடுறேண்ணே."

"வாய மூடு. நான் போனா பஸ் ஓட்டுவேன், லாரி ஓட்டுவேன். உன்னை அனுப்பிட்டா நீ எதை ஓட்டுவ? பேனாவையா?"

நான் கேளாமல் துரையிடம் போனேன். துரை புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். பள்ளிப் பிள்ளைபோல் நின்று வாசித்தேன். ஒவ்வொரு பெரிய வார்த்தையிலும் நிறுத்தினார்.

"திங்கக்கிழம இதுக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாது சொன்னா வாய் வலிக்குமா கிராணி?"

"வலிக்காது சார்."

"சனிக்கிழம. வண்டி ஓடலன்னா, ரெண்டு பேரும் போ."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு கத்தியும் பளபளவென்று இருந்தது. "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்காவது தேவப்பட்டா இருக்கட்டும்" என்றார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரை தந்தி கொடுத்ததில், வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் சிங்கப்பூரிலிருந்து பொட்டலம் வந்தது. புதுக் கிண்ணங்களும், செப்புக் குழாயைச் சக்கரத்தோடு இணைக்கும் மூன்று ரப்பர்க் குழாய்களும் இருந்தன. எங்கள் புகைக் கொட்டகையில் உலரும் ரப்பர்த் தகடு கூரை முட்டத் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு அங்குல அகலக் கிண்ணத்துக்காக நாங்கள் ரயில் பார்த்துக் காத்திருந்தோம். "நம்ம ரப்பர்தான்டா இது. சீமைக்குப் போய் சட்டை மாட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றார் டிரைவர். பொட்டலத்தோடு ஒரு கடிதம். வாசித்தேன், இந்த முறை கடைசி எழுத்து வரை. பிரேக்குக்கான எண்ணெய் கடையில் தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பலில் வரும் என்று எழுதியிருந்தது.

டிரைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில், மாடு கார் இழுத்த கதையை விசாரிக்க ஆஸ்பத்திரி டிரசர் கொட்டகைக்கு வந்தார். தோட்டத்துக்கு மருந்து கலந்து கொடுக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். மூலையில் கிடந்த அந்தச் சின்னக் காலி டின்னை அவர் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுக்குள்ள என்ன இருந்தது தம்பி?"

"பிரேக்குக்கு ஊத்துற எண்ணெய்ங்க."

அடியில் ஒட்டியிருந்த சொட்டை விரலால் தொட்டுத் தேய்த்தார். மறுபடி முகர்ந்தார். "எண்ணெயோ? இது விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும். வேறொண்டும் இல்லை. ரெண்டும் என்ர அலுமாரியில கிடக்குது. என்ன, காருக்கும் பேதி குடுக்கப் போறியளோ?"

எங்கள் தோட்டத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பெரிய புட்டி முழுசாகக் காருக்குக் கிடைத்தது. ஆனால் நான் ஒருமுறை சூடுபட்டவன். ஒரு புதுக் கிண்ணத்தை ஆபீஸ் தாளில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வட்டம் போட்டேன். பிறகு அதை டிரசர் கலந்து கொடுத்த கலவையில் ஊறப் போட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக எடுத்துத் துடைத்து வட்டத்தின் மேல் வைத்தேன். கோடு தாண்டவில்லை.

"உப்பல?" என்றார் டிரைவர்.

"மயிரிழைகூட உப்பலண்ணே."

செப்புக் குழாய்களையும் சிலிண்டர்களையும் ஸ்பிரிட் விட்டுக் கழுவினோம். எஞ்சின் எண்ணெயின் வாடைகூட மிஞ்சக்கூடாது என்று நான் மூன்று முறை கழுவச் சொன்னேன். கிண்ணங்களைக் கலவையில் நனைத்து, மடங்காமல், விரலாலேயே உள்ளே தள்ளினார் டிரைவர். ஸ்குரூடிரைவர் நுனி பட்டால் ரப்பர் கீறிவிடும். தொட்டியை நிரப்பிய பிறகு, குழாய்களுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை எடுக்க வேண்டும். காற்று இருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். தொலைவில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். டிரைவர் வண்டிக்குக் கீழே படுத்து, சக்கரத்துத் திருகில் வேறொரு மெல்லிய ரப்பர்க் குழாயைச் சொருகி, மறுமுனையைக் கலவை ஊற்றிய ஜாம் புட்டிக்குள் முக்கிப் பிடித்தார்.

"அமுக்கு!"

அமுக்கினேன். அவர் திருகைத் திறந்தார். புட்டிக்குள் குமிழிகள் கொப்பளித்தன.

"புடிச்சுக்கோ... மூடிட்டேன், விடு! டேய், சொல்றதுக்கு முன்னாடி விடாதடா, வெளிய போன காத்தை மறுபடி உள்ள இழுக்குது! அமுக்கு!"

நடுவில் நடுவில் தொட்டி வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருந்தோம். குமிழி நிற்க நிற்க அடுத்த சக்கரம். நாலாவது சக்கரம் முடிந்தபோது என் வலது தொடை மரத்துப்போயிருந்தது. ஆனால் காலுக்கடியில் மிதி கல்போல் நின்றது. கையால் சுற்றினால் சக்கரம் சுழன்றது, மிதித்தால் நின்றது, விட்டால் மறுபடி சுழன்றது. அந்த மூன்றாவதைப் பார்க்கத்தான் நாங்கள் நாலு நாள் தவித்தோம்.

மதியம் துரை காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் சீட்டில் ஏறிக்கொண்டு, "கிராணி முன்னால உக்காரு" என்றார். ஓடையில் விழுந்தால் நானும் விழட்டும் என்று நினைத்திருப்பார். கார் குன்றிலிருந்து இறங்கியது. பாலம் கிட்டே வரவர என் கால் தானாகவே வெறும் பலகையை மிதித்தது. டிரைவர் பார்த்துவிட்டார்.

"நீ மிதிச்சா நிக்காது ஐயா. நான் மிதிக்கணும்" என்று துரை காதில் விழாமல் முணுமுணுத்தார். மிதித்தார். கார் குலுங்காமல் வேகம் குறைந்து, இடப்பக்கம் திரும்பி, பாலத்தின் மேல் சொகுசாக ஏறியது. திரும்பிப் பார்த்தேன். துரை சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேர் வேலையும் தப்பிவிட்டது என்று அந்தப் புகையில் தெரிந்தது.

சாயங்காலம் ஸ்டேஷனில் துரைசானி ஏறினாள். கார் சடக்கு ரோட்டில் திரும்பியதும் மூக்கைச் சுளித்துத் துரையிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்லுது?" என்றார் டிரைவர் மெதுவாக.

"வண்டியில மருந்து வாடை வருதாம். யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்குறாங்க."

"எல்லா வார்த்தையும் புரிஞ்சுதானே சொல்ற?"

"ஒண்ணு புரியலண்ணே. கடைசி வார்த்தை."

"ஆங், அப்படிச் சொல்லு" என்றார் அவர், சந்தோஷமாக ஒரு கியர் மாற்றிக்கொண்டே.

மறுநாள் ஞாயிறு. விளக்கெண்ணெய் நாள். ஆஸ்பத்திரி வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டு வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் டிரசர் காலிப் புட்டியைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். அவர்கள் போட்ட கூச்சல் எங்கள் லயம்வரை கேட்டது. அப்பா அந்த இரண்டாவது கத்தியை எடுத்துத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.