ஏழாவது பெயர்

அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். சிங்களத்தில் அழகாக எழுதுகிறவன் என்று கூப்பிட்டார்கள். பெருமையோடு போனேன்.

தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் கூட்டம். பள்ளிக்கூடத்தை விட்ட பையன்களின் பெயர் வேண்டும், அவர்களுக்கு ஏதாவது செய்யப் போகிறோம் என்றார் சமூகசேவை மிஸ். என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பட்டியல் என்றால் கூரைத் தகரம், அரிசி, பிளாஸ்டிக் கதிரை. விடுபட்ட பெயருக்காகத்தான் இங்கே சண்டை.

தங்கச்சி என் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, எம் மவன் பேரையும் போட்டுருங்க."

"அவன் ஸ்கூல் போறானே."

"போனா என்ன? எல்லாருக்கும் குடுக்கிறப்ப நாம மட்டும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கவா? பெரிய நீதவான்! எழுதுங்கண்ணே."

எழுதினேன். ஏழாவது பெயர். பக்கத்துக் கட்டத்தில்: படிப்பை விட்டவர்.

றப்பர் மரங்கள் ஒருமுறை இலை உதிர்த்துத் துளிர்த்தன. தோட்டத்து ஸ்டோரில் ஒட்டுப்பால் றப்பர் மூட்டைகள் காணாமல் போயின. மறுநாள் காலையில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு பொலிஸ் ஜீப் ஏறி வந்தது. முன் கதவைத் திறந்து இறங்கியவர் மிஸ். சார்ஜன்ட் கையில் என் எழுத்து, வட்டவட்டமாய், ஒரு பிசிறு இல்லாமல்.

பட்டியலில் உள்ள பையன்கள் சனிக்கிழமைதோறும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், புத்திமதி சொல்வோம் என்றார் மிஸ். தண்டனை இல்லை, பொலிஸும் நாங்களும் சேர்ந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. அவர் குரல் அவ்வளவு கனிவாக இல்லாவிட்டால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம். சனிக்கிழமைதான் ருவான்வெல்லையில் மருமகனுக்குக் கணக்கு வகுப்பு. போகாவிட்டால் கணக்கு போகும். ஸ்டேஷன் வாசலில் நின்றால் ஊர் வாயில் அவன் திருடன்.

பெயரை எடுக்கச் சொல்லி அவனையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவன் சொல்லால் குத்தினான்.

"மாமா, எழுத ஆசைன்னா ஒங்க பேர எழுதிக்க வேண்டியதுதானே?"

அவனை வெளி பெஞ்சில் உட்கார வைத்தேன். உள்ளே ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யும் மிஸ்ஸும் ஒரே மேசையில், ஒரே தட்டில் இரண்டு தேநீர், நடுவில் ஃபைல். யார் கேட்கிறார், யார் குறித்துக்கொள்கிறார்? கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை.

எடுக்கலாம், ஆனால் அரசாங்கப் பட்டியலில் தெரிந்தே பொய் எழுதினேன் என்று எழுதித் தர வேண்டும் என்றார் மிஸ், சிரித்தபடி. ஓ.ஐ.சி. பேனாவைத் தள்ளினார்.

எழுதினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், லய அறை. இந்த முறை கையெழுத்து கோணியது. மிஸ் அதைப் படித்துவிட்டு அந்த ஃபைலிலேயே கோத்தார். பிறகு அடிமட்டம் வைத்து ஏழாவது பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். கோட்டுக்கு அடியில் பெயர் துலக்கமாகத் தெரிந்தது.

வெளியே வந்தேன்.

"அழிச்சிட்டாங்களா மாமா?"

"சனிக்கிழம வகுப்புக்குப் போ," என்றேன்.